தொட்டிச் செடியில் மாவுப்பூச்சி: உப்புத்தண்ணி ஊரில் என்ன செய்வது?

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் மணி பிளாண்ட், வராண்டாவில் குரோட்டன்ஸும் பாம்புக் கற்றாழையும், மொட்டைமாடியில் செம்பருத்தி, கறிவேப்பிலை, குண்டுமல்லி என்று முப்பது தொட்டி வைத்திருக்கிறார். இரண்டு மாதமாக இலைக்காம்பில் பஞ்சு பஞ்சாக வெள்ளை, தரையெல்லாம் பிசுபிசுப்பு, கூடவே எறும்பு வரிசை. பாத்திரம் விளக்குகிற லிக்விடைப் போர் தண்ணியில் கலந்து நடுப்பகலில் அடித்திருக்கிறார். பூச்சி அப்படியே இருக்க, இலைதான் கருகியது. "கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள், மூடியைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். அதை அடிக்கவா, இல்லை எல்லாத் தொட்டியையும் தூக்கிப் போட்டுவிடவா?" என்பது கேள்வி.

சகோதரி, இரண்டும் வேண்டாம். அந்தப் பாட்டிலை இறுக மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன் போடுகிற குடும்பத்தைச் சேர்ந்தவன். மதுரை மல்லி என்று பேர் பெற்ற பூவுக்கு நாற்று எங்கள் தீவு மணலில் வேர் பிடித்துத்தான் வெளியூர் போகிறது. பதியனோடு சேர்த்து இருபது வருடமாகத் தொட்டிச் செடியும் விற்கிறேன். ஏர்வாடி, தொண்டி, மண்டபம் என்று எங்கிருந்து யார் வந்து கேட்டாலும் கதை ஏறக்குறைய உங்கள் கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. நம் கரையில் பலரும் பூச்சியிடம் தோற்பது மருந்தைக் கலக்கிய தண்ணீரால்தான்.

நம்பிக்கை வராவிட்டால் இப்போதே சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணி, இன்னொன்றில் கேன் தண்ணியோ பிடித்து வைத்த மழைத்தண்ணியோ அரை டம்ளர். குளிக்கிற சோப்பைக் கத்தியால் சுரண்டி, இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டுக் கரைத்துவிட்டு, உள்ளங்கையால் வாயை மூடிக் குலுக்குங்கள். நல்ல தண்ணியில் நுரை பொங்கி நிற்கும், தண்ணி சீராக வெளுத்திருக்கும். போர் தண்ணியில் நுரை எழும்பாது. பால் திரிந்த மாதிரி சின்னச் சின்னத் திரியாகப் பிரிந்து, சற்று நேரத்தில் டம்ளர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்து அப்படித் திரிய வைத்துவிடுகின்றன. திரிந்த சோப்பு பூச்சியைக் கொல்லாது. இலையில் படிந்து ஸ்பிரே பாட்டில் மூக்கை அடைப்பதுதான் மிச்சம்.

"பாத்திர லிக்விட் போர் தண்ணியிலும் நுரைக்கிறதே" என்பீர்கள். நுரைக்கும். காரணம், அதில் பெரும்பாலும் இருப்பது சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது. இலையின் மேலே இயற்கையாக இருக்கிற மெழுகுப் பூச்சையும் அது வழித்து எடுத்துவிடுகிறது. மெழுகு போன இலையில் உப்புத்தண்ணி, அதன்மேல் மொட்டைமாடி உச்சி வெயில். தண்ணி ஆவியாக ஆக உப்பு மட்டும் இலையில் தங்கிச் சுடுகிறது. உங்கள் இலை கருகியது இதனால்தான், பூச்சியால் இல்லை. புதுத் துளிர் வந்தால் செடி தேறிவிடும். கருகிய இலையை அவசரப்பட்டு எல்லாம் கிள்ளிவிடாதீர்கள், பாதி பச்சை இருந்தாலும் செடிக்கு அது சோறு.

ஆகவே முதல் வேலை, மருந்து கலக்க நல்ல தண்ணி ஒரு குடம் தனியாக ஒதுக்குவது. காவிரித் தண்ணி வருகிற நாளில் பிடித்தது போதும். வீட்டில் ஏ.சி. இருந்தால் இன்னும் நல்லது. குழாயில் சொட்டுகிற அந்தத் தண்ணியில் உப்பே இருக்காது, ஒரு வாளியை வைத்துவிட்டால் ஒரு ராத்திரியில் முப்பது தொட்டிக்கு வேண்டியது சேரும். குடிக்கிற தண்ணிக்குத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போகிற ஊர் நம்முடையது. அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனசு வராது. மருந்து கலக்க வாரத்துக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கேட்கிறேன்.

இப்போது கலவை. கொழுப்பில் காய்ச்சிய சாதா சோப்பு, காதி சோப்பு போல வாசனையும் நிறமும் அதிகம் இல்லாதது, துருவியது ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம். கொஞ்சம் வெந்நீரில் முழுக்கக் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து மி.லி. வேப்பெண்ணெயை விட்டு, வெள்ளையாகக் குழம்பு மாதிரி ஆகும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகுதான் ஒரு லிட்டர் வரும்வரை தண்ணியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றி, தண்ணியில் எண்ணெயை ஊற்றிவிட்டுச் சோப்பைப் போட்டால் எண்ணெய் கலக்காது. கலவையின்மேல் எண்ணெய் வளையம் வளையமாக மிதந்தால் அதை அடிக்காதீர்கள், முதல் பத்து அடியில் வெறும் தண்ணியும் கடைசிப் பத்து அடியில் வெறும் எண்ணெயும் போகும். அந்த எண்ணெய் பட்ட இலை மறுநாளே கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். முதலில் ஒவ்வொரு செடியிலும் ஒரே ஓர் இலையில் அடித்து, இரண்டு நாள் பார்த்து, கருகவில்லை என்றால் மற்ற இலைகளுக்குப் போங்கள். அடிக்கிற நேரம் மாலை ஐந்துக்கு மேல். வேம்பில் பூச்சியை அடக்குகிற சத்தான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழக்கும், செடிக்கும் சூடு தாங்காது. அன்று காலையே செடிக்குத் தண்ணி ஊற்றி வைத்திருக்க வேண்டும். வாடிய செடியில் எதையும் அடிக்கக் கூடாது.

சோப்பு பூச்சியின்மேல் பட்டு, ஈரமாக இருக்கும் வரையில்தான் கொல்லும். காய்ந்தபின் அதற்கு வேலை இல்லை. படாத பூச்சி பிழைத்துக்கொள்ளும். அதனால் இலையின் மேற்பக்கத்தில் மட்டும் அடித்துப் பயனில்லை. அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேருகிற கவட்டை, நுனித் துளிரின் மடிப்பு, இவைதான் மாவுப்பூச்சியின் வீடு. பாட்டிலைக் கீழே பிடித்து மேல்நோக்கி அடியுங்கள், சொட்டும்வரை நனையட்டும்.

ஒருமுறை அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். மாவுப்பூச்சி தன் முட்டைகளைப் பஞ்சுப் பையில் வைக்கிறது. ஒரு தாய்ப்பூச்சி முந்நூறு நானூறு முட்டை வைக்கும். பஞ்சுக்குள் சோப்புத் தண்ணி இறங்காது. ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து வெளியே வருகிற குஞ்சுகள் மெழுகே இல்லாமல், வெளிர் மஞ்சளாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊர்ந்துபோகும். அப்போதுதான் அவை சாகும். முதல் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தோராம் நாள் என்று நான்கு முறை அடிக்க வேண்டும். காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை அடிக்கும்போது பூச்சியே கண்ணில் படாது, "போதும்" என்று தோன்றும். அந்த மூன்றாவதையும் நான்காவதையும் விட்டவர்கள்தான் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்து கேட்கிறார்கள்.

வீட்டுக்குள் இருக்கிற மணி பிளாண்டுக்கு ஸ்பிரேயே தேவையில்லை. மருந்துக்கடையில் ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் கிடைக்கும், 70 சதவீத ஆல்கஹால். காது குடைகிற பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின்மேலும் வைத்து எடுங்கள். மெழுகு கரைந்து உள்ளே இருக்கிற பூச்சி ஆரஞ்சு கலந்த பழுப்பாகத் தெரியும். அதுதான் செத்ததற்கு அடையாளம். முடித்ததும் ஈரத்துணியால் இலையின் இரு பக்கத்தையும் துடைத்துவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் விளக்கு ஏற்றிய இடத்திலும் ஸ்பிரிட் வேலை வேண்டாம்.

செம்பருத்திக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். அடிப்பதற்கு முந்தின நாள் காலையில், வெயில் ஏறுமுன், அந்தச் செடி முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. கூட்டத்துக்கு நடுவில் மற்றதைவிட இரண்டு மடங்கு நீளமாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு விரல்கள் தொங்க ஒன்று இருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி அசங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது விறுவிறுவென்று ஓடும். இது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே காப்பித் தோட்டப் பூச்சிகளுக்காகத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. வளர்ந்தபின் தலையும் தோளும் செம்மஞ்சளாக, முதுகு கறுப்பாக, மிளகைவிடச் சின்னதாக இருக்கும். புழுவும் வண்டும் முக்கியமாக மாவுப்பூச்சியைத்தான் தேடி அலையும். மாவுப்பூச்சி என்று நினைத்து இதன் புழுவைத் தேய்த்துக் கொல்லாத வீடு குறைவு. நானும் பல வருடம் கொன்றிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கும். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு, நத்தை மாதிரி மெதுவாக நகர்கிற தடித்த சின்னப் புழு. சில நாளில் அது இலையிலோ குச்சியிலோ கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொள்ளும். உற்றுப் பாருங்கள், அந்தக் கூட்டில் அப்படியே ஒரு குரங்கு முகம் இருக்கும். நெற்றி, இரண்டு கண், மூக்கு, எல்லாம். ஸ்பால்ஜிஸ் என்ற வண்ணத்துப்பூச்சி அது. இலை தின்னாமல் மாவுப்பூச்சி தின்று வளர்கிற புழு. என் நாற்றங்காலில் அதை முதலில் பார்த்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது எங்க வீட்டு முருங்கையடியிலயே உண்டு, நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவை இரண்டில் எது இருந்தாலும் அந்தக் கிளையை விட்டுவிட்டு மற்றதில் அடியுங்கள்.

இப்போது அந்த பாட்டில் விஷயம். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று புதிதாக வந்தது. ஒன்றிரண்டு வருடத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று வெள்ளையடித்த மாதிரி ஆக்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் ஏறியது. நான் ஒரு கடையில் கேட்டு, அவர்கள் கொடுத்த காட்டமான மருந்தை அவர்கள் சொன்ன அளவுக்கும் கூடுதலாகக் கலந்து அடித்தேன். இரண்டு நாள் செடி சுத்தமாக இருந்தது. செடிக்கு அடியில் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. மூன்று வாரத்தில் மாவுப்பூச்சி முன்னைவிட அதிகமாக வந்தது. அதைத் தின்ன ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்திலிருந்த கறிவேப்பிலையில் சாரல் பட்டிருந்ததால் இரண்டு மாதம் அதைத் தொடவிடாமல் வைத்திருந்து, கடைசியில் வெட்டிப் போட்டோம். அம்மா கையால் வைத்த செடி அது.

அந்தப் பூச்சி அடங்கியது மருந்தால் இல்லை. அது வந்தது மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து, அதன் எதிரியும் அங்கேதான் இருந்தது. போர்ட்டோ ரீக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை 2010-ல் வரவழைத்து, அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயிருந்து தின்று, வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும். இப்போதும் செடியில் உப்பிப்போன பழுப்பு மாவுப்பூச்சியில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டை தெரிந்தால், இப்படி ஏதோ ஒரு குளவி உங்கள் மாடியில் வேலை செய்கிறது என்று அர்த்தம். காட்டமான மருந்து முதலில் கொல்வது இவற்றைத்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பாட்டில் வேண்டாம். வயலுக்கான மருந்தை நாலு சுவருக்குள் அடிக்கவே கூடாது. பிள்ளைகள் தரையில் தவழ்ந்து, அந்தக் கையை வாயில் வைக்கும். டைக்குளோர்வாஸ் என்ற மருந்து 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே தடை; லேபிளில் அந்தப் பேர் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், நம் ஊரில் எந்த வாய்க்காலும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. கொசு மருந்து ஸ்பிரேயைச் செடியில் அடிக்கிற பழக்கமும் சிலரிடம் உண்டு, அதிலிருக்கிற கரைப்பான் இலையைச் சுட்டுவிடும். மீன் தொட்டி இருந்தால் வேப்பெண்ணெய், சோப்பு அடிக்கும்போதும் மூடிவையுங்கள்.

எறும்புக்கு வருகிறேன். பலர் இதைக் கடைசியில் கவனிக்கிறார்கள், நான் முதலிலேயே கவனிக்கச் சொல்வேன். மாவுப்பூச்சியும் அசுவினியும் செதில் பூச்சியும் செடிச் சாற்றைக் குடித்துவிட்டு, மிஞ்சிய சர்க்கரையைத் தேன் மாதிரி வெளியேற்றுகின்றன. உங்கள் தரைப் பிசுபிசுப்பு அதுதான். எறும்பு அதற்குத்தான் வருகிறது. சும்மா வராது, பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் துரத்தும், குளவியை உட்காரவிடாது, குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்துத் தொட்டியில் விடும். எறும்பு இருக்கும்வரை நீங்கள் எத்தனை முறை அடித்தாலும் ஓய்ந்தபாடிருக்காது.

முன்பு சாப்பாட்டு அலமாரியின் நாலு காலுக்கும் அடியில் தண்ணிக் கிண்ணம் வைப்பார்களே, அதேதான் வழி. தொட்டியை ஒரு செங்கல்லின்மேல் ஏற்றி, செங்கல்லை அகலமான தட்டில் வைத்து, தட்டில் பாத்திர லிக்விட் கலந்த தண்ணி ஊற்றுங்கள். இதற்குப் போர் தண்ணியே போதும். இலையோ கொடியோ சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடக் கூடாது, தொட்டால் எறும்புக்கு அது பாலம். தட்டுத் தண்ணியை மூன்று நாளைக்கு ஒருமுறை கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்து மாற்றுங்கள். மறந்தால் டெங்குக் கொசு அதில் முட்டையிடும், பூச்சியை விரட்டப் போய்க் காய்ச்சலை வாங்கிக்கொண்டதாகிவிடும். பெரிய செம்பருத்திக்குத் தட்டு வைக்க முடியாது. அதன் அடித்தண்டில் பழைய துணியை இறுகச் சுற்றி, துணியின்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின்மேல் நேராகத் தடவ வேண்டாம்.

பூச்சியே இல்லாமல் பூச்சிக்கு வைத்தியம் பார்க்கிறவர்களும் நம் பக்கம் உண்டு. இலை நுனியும் ஓரமும் மட்டும் ஒரே சீராகக் காய்ந்து வந்தால் அது உப்பு. தொட்டியின் வெளிப்பக்கமும் மண்ணின் மேலும் வெள்ளைப் படலம் கட்டியிருந்தால் அதுவும் உப்புதான், பூஞ்சையோ மாவுப்பூச்சியோ இல்லை. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடலுக்குப் பக்கத்து மாடிகளில் காற்றே உப்பைக் கொண்டுவந்து இலையில் தெளிக்கிறது. இதற்கு மருந்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணியைத் தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே உப்பை இறக்கிவிடுவது. அவ்வளவு தண்ணிக்கு எங்கே போவது? அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வராண்டாத் தொட்டிகளையும் தூக்கி வெளியே வைத்துவிடுங்கள். வருடம் முழுக்க நாம் ஊற்றிய உப்பை அந்த மழை கழுவிக் கொடுத்துவிடும்.

தென்னை நிழல் விழுகிற மாடியாக இருந்தால் இன்னொரு குழப்பம் வரும். எல்லாத் தொட்டியிலும் இலையின் மேற்பக்கம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரி பூசியது போலக் கறுப்பு, ஆனால் இலையைத் திருப்பினால் ஒரு பூச்சிகூட இல்லை. அப்போது அண்ணாந்து பாருங்கள். தென்னை ஓலையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக இருக்கும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ அது; தேன் அங்கேயிருந்து சொட்டுகிறது. கறுப்பு, அந்தத் தேனில் வளர்கிற கரும்பூசணம். சோறு வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்க விளாவி இலையில் அடியுங்கள். உப்புப் போடாத கஞ்சியாக இருக்கட்டும். காய்ந்ததும் கறுப்பு அப்பளம் மாதிரி உரிந்து விழும். வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற குளவி எதிரியாக இருக்கிறது. தென்னைக்கு மருந்தடித்து அதைக் கொன்றுவிடாதீர்கள்.

உங்கள் குண்டுமல்லியைப் பற்றி நீங்கள் தனியாக எழுதவில்லை, ஆனாலும் அதில் செஞ்சிலந்தி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இலை மேலே வெளிறி, மணலைத் தூவியது போல மஞ்சள் புள்ளி விழுந்திருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் ஒன்றிரண்டு நடந்தால் அதுதான். இது எட்டுக்கால் இனம், பூச்சிக் கணக்கில் வராது. பூச்சிக்கொல்லி பலவும் இதற்குக் கேட்பதில்லை. காய்ந்த சூடான காற்றில் ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து தாயாகிவிடும். இதற்குத் தண்ணியே மருந்து. மூன்று நாளைக்கு ஒருமுறை அடிப்பக்கம் நனைய வேகமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு வாரம். கந்தகத் தூளைக் கரைத்து அடிக்கச் சொல்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் நம் சூட்டில் இலையைச் சுடும், வேப்பெண்ணெய் அடித்த செடியில் இரண்டு மூன்று வாரத்துக்குத் தொடவே கூடாது. நான் தொட்டிச் செடிக்கு அதைச் சொல்வதில்லை.

மாடியில் முண்டு மிளகாய் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வரி. இலை மேல்பக்கமாகப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து சுருண்டால் சிலந்திப்பேன். முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கலவை, பின்னதற்கு அதோடு தண்ணிப் பீய்ச்சலும்.

கறிவேப்பிலை சமையலுக்குப் போவது. துளிர் சுருண்டு பிசுபிசுத்தால் அந்த நுனியை ஒரு சாண் நீளம் வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள், மீதிக்கு வெறும் சோப்புத் தண்ணி, மறுநாள் நல்ல தண்ணியில் அலசல். அவ்வளவு போதும், வெட்டினால் இன்னும் கிளைத்து வரும். பறவை எச்சம் மாதிரி இலையில் புழு இருந்தால், அது எலுமிச்சை, கறிவேப்பிலையில் வளர்கிற வண்ணத்துப்பூச்சி. நாலைந்து இலை தின்னும், பெரிய செடியானால் விட்டுவிடலாம்.

மண்ணிலிருந்து குட்டிக் கொசு மாதிரி கறுப்பாகக் கிளம்பினால் அது ஈரம் அதிகம் என்பதற்கு அடையாளம். தேங்காய் நார்க்கழிவு அதிகமாகப் போட்ட தொட்டியில் மேல்மண் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமிருக்கும். விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொட்டியில் குத்தி வைத்தால் பறப்பவை ஒட்டிக்கொள்ளும், வெள்ளை ஈயும் சேர்ந்து மாட்டும். மேலே மணல் பரப்பச் சொன்னார்கள் என்று கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதில் உப்பும் சிப்பித் தூளும்தான் அதிகம்.

பாம்புக் கற்றாழை காரணமில்லாமல் தளர்ந்து நின்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி வரும், வெள்ளை மாவு தூவியது போலத் தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். பழைய மண்ணை முழுக்க உதறி, வேரைச் சோப்புத் தண்ணியில் அலசி, ஒரு நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டியில் போட வேண்டாம்.

மீன் கழுவின தண்ணியும் மீன் குடலும் தொட்டியில் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. செடி கருகருவென்று வளரும், உண்மை. அந்த இளசான, சாறு மிகுந்த தளிரைத்தான் அசுவினியும் மாவுப்பூச்சியும் தேடி வருகின்றன. குடலைப் புதைத்தால் எறும்பும் சேர்ந்து வரும். பூச்சி அடங்கும்வரை உரம் எதுவும் போடாதீர்கள். மண்டபம் பக்கம் கிடைக்கிற கடற்பாசித் திரவமும் செடிக்கு ஊட்டம்தான், பூச்சி மருந்து இல்லை. செடி தேறியபின் கொடுங்கள். அடுப்புச் சாம்பலை இலையில் லேசாகத் தூவுவது பழைய கைவைத்தியம், அசுவினிக்குக் கொஞ்சம் கேட்கும். ஆனால் உவர் ஏறிய நம் மண்ணில் சாம்பலும் சேர்ந்தால் காரம் இன்னும் கூடும், ஆகவே மாதக்கணக்கில் தூவ வேண்டாம். மீனில் ஒன்று மட்டும் நிஜமாகவே மருந்து: மீன் எண்ணெய் ரோசின் சோப்பு என்று உர, மருந்துக் கடைகளில் விற்பது. லிட்டருக்கு 25 கிராம் கரைத்து மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் அடிக்கலாம். வள்ளத்துக்கு எண்ணெய் பூசின நாள் மாதிரி வாடை வீசும், அதனால் மாடிச் செடிக்கு மட்டும்.

உங்கள் முப்பது தொட்டியில் எதையாவது தூக்கிப் போடத்தான் வேண்டுமா? குரோட்டன்ஸில் தண்டு முழுக்கச் செதில் அப்பி, கீழ் இலையெல்லாம் கொட்டியது ஒன்றிரண்டு இருந்தால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், தண்டை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டியும் துளிர்க்காவிட்டால். மற்றதெல்லாம் இருக்கட்டும். இன்றைக்குப் பூச்சி உள்ள தொட்டிகளை மாடியின் ஒரு மூலைக்குத் தனியாக நகர்த்துங்கள். நாளைக்குத் தட்டும் தண்ணியும் வைத்து எறும்பை நிறுத்துங்கள், மாலையில் ஒவ்வொரு செடியிலும் அந்த ஓர் இலைச் சோதனையையும் செய்துவிடுங்கள். நாளை மறுநாள் காலை செம்பருத்தியை உட்கார்ந்து பாருங்கள், அதற்கடுத்த நாள் மாலை முதல் தெளிப்பு. புதுச்செடி வாங்கினால், என்னிடமே வாங்கினாலும் சரி, பதினைந்து நாள் மற்றவற்றோடு சேர்க்காமல் வையுங்கள். நாற்றங்காலில் ஆயிரக்கணக்கான செடி நெருக்கமாக நிற்கிறது, எவ்வளவு பார்த்தாலும் ஒரு முட்டைப் பை கண்ணுக்குத் தப்பிவிடும்.

நான்காவது தெளிப்பு முடிந்து பத்து நாள் கழித்து மணி பிளாண்டின் கவட்டைகளை ஒரு தீக்குச்சியால் தடவிப் பாருங்கள். குச்சியில் வெள்ளை ஒட்டினால் ஸ்பிரிட்டை மறுபடி எடுங்கள். ஒட்டாவிட்டால் தொட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடலாம்.